பூவராகவன், ஜெ.

ஜெயலட்சுமிக்கு அப்பாவைக் கண்டால் ஆகாது. அப்பாவுக்கும் அவளைக் கண்டால் ஆகாது. டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் அந்த வரிசையில் இருந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு அப்பாவே சொல்லிவிடுவார்.

அப்பா ஜெ. பூவராகவன், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். முப்பத்தெட்டாம் வருஷம் தென்னார்க்காட்டிலிருந்து ரயிலேறி வந்து குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். கோப்பில் குறிப்பு எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் எழுதியதில் ஒரு கமாவைக் கூட மாற்ற முடியாது என்பார்கள். எழுதுவது அவர், கீழே கையெழுத்துப் போட்டுப் பேர் வாங்குவது மேலே இருப்பவர்கள். இப்படி எழுதி எழுதி அந்த மனுஷனுக்கு உடம்பு முழுக்க எரிச்சல் ஏறிப்போயிருந்தது. அந்த எரிச்சலை எல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் கொண்டுவந்து இறக்குவார்.

அறுபத்து நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயலட்சுமியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கல்கத்தாவில் ரயில்வே உத்தியோகம். வந்தவர்களுக்குக் கேசரி இருந்தது, காப்பி இருந்தது, பெண் இல்லை. அவள் காலை ஏழு மணிக்கே பஸ் பிடித்து ஆராய்ச்சிச் சாலைக்குப் போய்விட்டாள். முந்தாநாள் ஊறப்போட்ட விதைகள் அன்றைக்கு முளைவிடும், அந்த நேரத்தில் எடுக்காவிட்டால் ஒரு மாத வேலை வீண். திரும்பி வந்தபோது வாசலிலேயே அப்பா நிறுத்தினார். சித்தப்பா குடும்பமும் பக்கத்து வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உனுக்கு வெதை பெருசு, நான் பெருசில்ல. சரி. இன்னியிலேர்ந்து என் பேர உன் பேரோட சேத்துக்காத. சொல்லிட்டேன்."

அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண்கள் விடுதிக்குப் போனாள். பெயரை விட முடியவில்லை. சான்றிதழ் எல்லாம் பூ. ஜெயலட்சுமி என்றுதான் இருந்தன. கோபித்துக்கொண்டு போகிறவள் பல்கலைக்கழகத்தையா மாற்றச் சொல்ல முடியும்?

அவள் வேலை பார்த்தது தெற்கு டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், மூலக்கூறு உயிரியல் பிரிவில். பிரிவுத் தலைவர் டாக்டர் டி.கே. வெங்கடராமன், கும்பகோணத்துக்காரர். அவளைத் தவிர அந்த நிலையத்தில் இருந்த ஒரே தமிழர். பார்க்க இனிமையானவர். பிரிவில் யார் எந்தக் கட்டுரை எழுதினாலும் அதில் தன் பெயரையும் வைத்துக்கொள்வார். அதைக் கேட்டு வாங்க மாட்டார், அது தானாகவே அங்கே வந்துவிடும்.

ஜெயலட்சுமியின் வேலை கடுகு விதையிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்பது. மரபுச் செய்தியைச் சுமந்துபோகும் இழை அது. உலகத்தில் அதைப் போல நோஞ்சான் வேறு கிடையாது. விரல் வியர்வை பட்டாலே துண்டு துண்டாகிவிடும். எல்லா வேலையையும் பனிக்குளிரில் செய்ய வேண்டும். டெல்லியில் மே மாதத்தில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று கடுகுக்கும் தெரியாது, ஆர்.என்.ஏ.வுக்கும் தெரியாது. குளிரறை அடுப்படி மாதிரி ஆகிவிடும். இழையைத் துண்டாக்கும் நொதியைப் பிடித்துவைக்க வெளிநாட்டில் ஒருவகைக் களிமண் தூள் விற்றார்கள். அதை வரவழைக்க எட்டு மாதம் ஆகும்.

எழுபத்தொன்றில் ஒரு நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முகத்துக்குப் பூசும் முல்தானி மிட்டி ஒரு பொட்டலம் வாங்கினாள். களிமண்தானே, அதையும்தான் பார்ப்போமே என்று. கழுவி, கொதிக்கவைத்து, அரைத்து, கடுகுக் கரைசலில் போட்டாள். அன்றைக்கு மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. ஆர்.என்.ஏ. முழுசாக இருந்தது. நாற்பது முறை திரும்பச் செய்தாள். நாற்பது முறையும் முழுசாக இருந்தது.

கட்டுரையை எழுதி வெங்கடராமனிடம் கொண்டுபோனாள். அவர் பாதியிலேயே சிரித்தார்.

"ஜெயலட்சுமி, இது முகத்துல பூசற மண்ணு. லண்டன் பத்திரிகைக்கு இத அனுப்பப் போறீங்களா? தாராளமா அனுப்புங்க. என் பேர் மட்டும் வேண்டாம்."

பிரிவிலிருந்து அவர் பெயர் இல்லாமல் வெளியே போன முதல் கட்டுரை அதுதான்.

லண்டன் பத்திரிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டு ஒரு படிவம் அனுப்பியது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று குடும்பப் பெயர், இன்னொன்று சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தெருவில் பத்து வீடு இருந்தால் பத்துக்கும் பத்துப் பெயர். ஆனால் டெல்லியில் ரேஷன் ஆபீசிலும் பாங்கிலும் இதே கேள்விக்கு அவள் பதில் எழுதிப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கத்தில் முதல் கட்டத்தில் பூவராகவன் என்றும் அடுத்ததில் ஜெயலட்சுமி என்றும் நிரப்பி அனுப்பிவிட்டாள். எழுபத்திரண்டில் அச்சாகி வந்தபோது தலைப்பின் கீழே ஜெ. பூவராகவன் என்று இருந்தது.

ஜெகந்நாதன் மகன் பூவராகவன், ஜெ. பூவராகவன். பூவராகவன் மகள் ஜெயலட்சுமி, அவளும் ஜெ. பூவராகவன். பேரைச் சேர்க்காதே என்று விரட்டிய மனுஷனாகவே அவள் லண்டனில் அச்சாகியிருந்தாள். திருத்தம் கேட்டு எழுதலாமா என்று வெங்கடராமனைக் கேட்டாள்.

"ஒரு இனிஷியலுக்காக லண்டன்காரன்கிட்ட மன்றாடணுமா? விடுங்க. நமக்குள்ள தெரியாதா?" என்றார் அவர்.

விட்டுவிட்டாள். அவள் செய்த பெரிய மடத்தனம் படிவத்தில் இல்லை, இந்த வார்த்தையை நம்பியதில்தான் இருந்தது.

அடுத்த ஒன்பது வருஷத்தில் இன்னும் பதினேழு கட்டுரைகள் எழுதினாள். எல்லாம் பூ. ஜெயலட்சுமி என்ற பெயரில், எல்லாவற்றிலும் வெங்கடராமன் பெயரோடு. அவற்றை ஒருவரும் சீந்தவில்லை. முல்தானி மிட்டிக் கட்டுரை மட்டும் ஊர் ஊராகப் போனது. மின்சாரம் போகாத ஊர்க்காரர்களுக்கும் அது வசதியாக இருந்தது. பனிக்கட்டி வேண்டாம், அவசரம் வேண்டாம். பிரேசிலில், ஜப்பானில், போலந்தில் எல்லாம் கடுகுக்குப் பதில் கோதுமையையும் பருத்தியையும் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டுரையின் கடைசியில் பூவராகவன் முறைப்படி என்று எழுதினார்கள்.

எண்பத்தொன்றில் புது டைரக்டர் வந்தார். டாக்டர் கோச்சர், அமெரிக்காவில் பன்னிரண்டு வருஷம் இருந்த பஞ்சாபி. அவருக்கு ஒரே கணக்குதான். எத்தனை கட்டுரை எழுதினாய் என்று கேட்க மாட்டார், உன்னை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கேட்பார். அதற்கென்று அமெரிக்காவிலிருந்து மேற்கோள் அட்டவணை தடித் தடித் தொகுதிகளாக வரும். பக்கத்துக்குப் பல பத்திகள், எறும்பு சைஸ் எழுத்து. ஆராய்ச்சியாளர் பெயருக்குக் கீழே அவர் கட்டுரை, அதற்குக் கீழே அதை மேற்கோள் காட்டியவர்கள் ஆளுக்கொரு வரி. பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது.

இணைப் பேராசிரியர் பதவி ஒன்று காலி இருந்தது. அதற்கு இரண்டு பேர், ஜெயலட்சுமியும் வெங்கடராமனின் மாணவன் ஒருவனும். ஜெயலட்சுமிக்கு அது மூன்றாவது முறை. இந்த முறையும் கிடைக்காவிட்டால் அவளுடைய ஆய்வுக்கூடத்தின் இரண்டு அறைகளையும் எடுத்து அந்தப் பையனுக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. நாற்பத்தொரு வயதில் அவள் அவனுக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியதுதான்.

தேர்வுக் குழுவில் கோச்சர் தாளைப் பார்த்துச் சொன்னார். "உங்கள் பெயரில் ஒன்பது மேற்கோள். ஒன்பது வருஷத்துக்கு ஒன்பது."

"இன்னொரு பெயரில் இருநூற்றுப் பதினாலு இருக்கிறது சார். அதுவும் நான்தான்," என்று ஜெயலட்சுமி நடந்ததைச் சொன்னாள்.

கோச்சர் வெங்கடராமன் பக்கம் திரும்பினார். "நீங்கள் மதராஸ்காரர். உங்கள் பெயர்கள் இப்படித்தானா?"

வெங்கடராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் பக்கம் பலவிதமாகவும் வைத்துக்கொள்வார்கள். ஆனால் பூவராகவன் ஆண்பிள்ளைப் பெயர் சார். பெண்ணுக்கு வைத்து நான் கேட்டதில்லை. இவருடைய தகப்பனார் பெயர் ஜெ. பூவராகவன் என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. அவர் உயிரோடுதான் இருக்கிறார்."

"கட்டுரையில் நம் நிலையத்து முகவரி இருக்கிறதே?"

"அந்த நாளில் தற்காலிகமாக வந்துபோனவர்கள் நிறைய. அந்தக் கட்டுரையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அதில் என் பெயர் இல்லையே."

எழுபத்தொன்றாம் வருஷத்து ஆய்வு நோட்டுகளைக் கொண்டுவரலாம் என்றால் அவையும் இல்லை. கட்டடம் மாறியபோது அவற்றைப் பழைய காகிதம் வாங்கும் கபாடிக்காரனுக்கு எடைக்குப் போட்டது இதே வெங்கடராமன்தான். கோச்சர் நேரான ஆள், ஆனால் காகிதம் இல்லாமல் எதையும் நம்பாத ஆள். உங்கள் தகப்பனாரிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வாருங்கள், பத்து நாள் தருகிறேன் என்றார். வெளியே வந்ததும் ஜெயலட்சுமி வெங்கடராமனை மறித்தாள்.

"நமக்குள்ள தெரியாதான்னு சொன்னது நீங்கதானே சார்?"

"நான் எவ்வளவோ பேசறேன். எல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றுவிட்டுப் போனார்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு ஜனக்புரியில் மாடிவீடு வாங்கியிருந்தார். பதினேழு வருஷத்தில் ஜெயலட்சுமி அந்த வீட்டுக்குப் போனது அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது இரண்டே தடவைதான். இரண்டு முறையும் அப்பா வெளியே நடக்கப் போய்விட்டார். இந்த முறை பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. அம்மா சந்திரம்மாள்தான் உள்ளேயிருந்து ஓடிவந்து, "வாம்மா, சாப்புட்டியா?" என்று கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

"என்னா வேணும்?" என்றார் அப்பா.

அவள் விஷயத்தைச் சொல்லி, அட்டவணைப் பக்கத்தின் ஃபோட்டோஸ்டாட் நகலை நீட்டினாள். அவர் லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"தெரியும். எட்டு வருசமா தெரியும். சேத்துக்காதன்னு சொன்னனா இல்லியா?"

"நான் சேத்துக்கல. தப்பா அச்சடிச்சுட்டாங்க."

"இதுல ஒவ்வொரு வரியும் என்னா?"

"ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. என் முறைய வச்சு வேலை செஞ்சவங்க."

"எல்லாவனும் எம்பேர எழுதியிருக்கான்."

"என் வேலைய எழுதியிருக்காங்க."

"இதுல உம்பேரு எங்க இருக்கு? காட்டு."

அப்பா லென்ஸைக் கீழே வைத்தார்.

"முப்பத்திரெண்டு வருசம் எழுதுனேன். எந்தக் கோப்புலயும் எம்பேரு வரல. எவன் எவனோ கையெழுத்துப் போட்டுக்கிட்டுப் போனான். நீ மண்ணக் கரச்சு ஒரு காயிதம் எழுதுன, ஒலகம் பூரா எம்பேரு. அதையும் இப்ப எனுது இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அச்சா. நல்லாருக்கு."

"ஜல்தி சொல்லுங்கப்பா. கையெழுத்துப் போடுவீங்களா மாட்டீங்களா?"

"மாட்டேன். போ."

அம்மா டீயோடு வந்தபோது அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அந்த நகலை அவர் திருப்பித் தரவில்லை என்பது ஞாபகம் வந்தது. அதையும் வைத்துக்கொள்ளட்டும், சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளட்டும் என்று மனதாரச் சபித்தாள்.

பத்தாம் நாள் குழு கூடியது. ஜெயலட்சுமி வெறுங்கையோடு போனாள். வெங்கடராமன் அவளைப் பார்த்துத் தலையசைத்து, டீ வருமா என்று பியூனிடம் விசாரித்தார். கோச்சர் மேஜையில் ஒரு பதிவுத் தபால் உறை பிரித்துக் கிடந்தது.

"உங்கள் தகப்பனார் எனக்கு நேராகவே அனுப்பிவிட்டார். என்னைப் போன்ற ஆளுக்கு இப்படி ஒரு ஆங்கிலம் எழுத வராது," என்று சொல்லிவிட்டு அவர் படிக்க ஆரம்பித்தார்.

முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து நோட்டரி முத்திரை குத்திய அஃபிடவிட். ஒன்று, எனக்கு விஞ்ஞானம் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இரண்டு, மேற்படி ஜெயலட்சுமி இந்த ஆராய்ச்சியில் ஈடுபடுவதை நான் ஆரம்பம் முதல் எதிர்த்துவந்தேன், இன்றும் எதிர்க்கிறேன். மூன்று, 1964-ல் சாட்சிகள் முன்னிலையில் என் பெயரை உபயோகிக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவிட்டேன், அந்த உத்தரவு மீறப்பட்டிருக்கிறது. நான்கு, ஆகவே மேற்படி கட்டுரையில் கண்ட வேலை முழுவதும் அவள் ஒருத்தியே, எவருடைய உதவியும் இன்றி, என் விருப்பத்துக்கு விரோதமாகச் செய்தது.

கோச்சர் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக வெங்கடராமனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தார்.

"ஐந்து. இந்த மீறல் 1973 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, சாணக்யபுரியில் ஒரு கல்யாண வரவேற்பில் எனக்குத் தெரியவந்தது. தெரிவித்தவர் மேற்படி நிலையத்தின் டாக்டர் டி.கே. வெங்கடராமன். 'உங்கள் மகள் முகத்தில் பூசும் மண்ணை வைத்து உங்கள் பெயரை லண்டனில் அச்சடித்துவிட்டாள்' என்று நான்கு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தார். அன்றைய நாட்குறிப்புப் பக்கம் இணைப்பாக வைக்கப்பட்டுள்ளது."

வெங்கடராமன் நாட்குறிப்புப் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். அது தமிழில் இருந்தது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

"எட்டு வருஷத்துக்கு முந்தின பேச்சு. ஞாபகத்தில் இல்லை சார்," என்றார்.

"அவருக்கு இருக்கிறது," என்றார் கோச்சர். "ஆறாவது பாராவும் இருக்கிறது. இருநூற்றுப் பதினாலு இடங்களிலிருந்தும் தன் பெயரை உடனடியாக நீக்கும்படி கேட்டிருக்கிறார்."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயலட்சுமி சிரிக்கவில்லை. இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை. எவருடைய உதவியும் இன்றி. அதை எழுதியது அந்த ஆளா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் வெங்கடராமன் எதிரே இருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

பதவி கிடைத்தது. அறைகளும் தங்கின. வெங்கடராமன் அதற்குப் பிறகு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அது பதவியை விடப் பெரிய லாபம். அறைக் கதவில் பெயர் எழுத வந்த பெயின்டர், "மேடம், ஆகே கியா லிக்கூன்?" என்று பெயருக்கு முன்னால் போடும் இனிஷியலைக் கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றாள். உத்தரவு உத்தரவுதானே. டாக்டர் ஜெயலட்சுமி என்று மொட்டையாக எழுதிவிட்டுப் போனான்.

பெயரை நீக்கும்படி அட்டவணைக்காரர்களுக்கும் எழுதிப் பார்த்தாள். அச்சான தொகுதிகளை மாற்ற முடியாது, இனி வரும் மேற்கோள்களும் அந்தப் பெயரிலேயே பதிவாகும் என்று பதில் வந்தது. அதை அப்படியே ஜனக்புரிக்கு அனுப்பினாள். ஒரு வாரத்தில் தபால் கார்டு வந்தது. நலம், நலமறிய அவா, எதுவும் கிடையாது.

"நீக்க இயலாது என்பது குறித்துக்கொள்ளப்பட்டது. இனி ஆண்டுதோறும் எண்ணிக்கையைத் தெரிவிக்கவும். ஜெ.பூ."

கார்டைக் கிழித்துப் போடத்தான் நினைத்தாள். ஆனாலும் அடுத்த வருஷம் தொகுதி வந்ததும் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து எண்ணினாள். கார்டில் வருஷத்தையும் எண்ணையும் மட்டும் எழுதிப் போட்டாள். கையெழுத்துப் போடவில்லை. எண்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. எண்பத்து மூன்றுக்கு இருபத்தெட்டு. பதில் வரவில்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை. எண்பத்து நாலுக்கு இருபத்து மூன்று என்று எழுதிப் போட்டாள். அதற்கு மட்டும் பதில் வந்தது.

"தவறு. இருபத்து நான்கு. நேரில் நூலகம் சென்று சரிபார்த்தேன். அடுத்த பத்தியின் உச்சியில் உள்ள ஒன்றை விட்டிருக்கிறாய். கவனக்குறைவு. ஜெ.பூ."

அந்தத் தொகுதிகள் வரும் நூலகங்கள் டெல்லியில் மூன்றோ நாலோதான் உண்டு. எல்லாம் ஜனக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். எழுபத்து மூன்று வயதில் லென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் அந்த எறும்பு எழுத்தை எண்ணியிருக்கிறார், மகள் தப்புச் செய்திருக்கிறாளா என்று பார்க்க. அவளுக்கு வந்த கோபத்தில் நேரே நூலகத்துக்குப் போய்த் தொகுதியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்பா சொன்னது சரி. பூவராகவன், ஜெ. என்ற தலைப்பு ஒரு பத்தியின் அடியில் முடியாமல் அடுத்த பத்தியின் உச்சிக்கு ஒரு வரி வழிந்திருந்தது. லென்ஸை வைத்துப் படித்தாள். வெங்கடராமன், டி.கே. ஏதோ ஜெர்மன் பத்திரிகை. அதற்கு முந்தின கோடையில் அவருடைய குளிரறை இரண்டு மாதம் பழுதாகிக் கிடந்தது. முகத்தில் பூசும் மண்ணைத் தொட்டிருக்கிறார். தொட்டதோடு, கட்டுரையின் கடைசியில் அந்தப் பெயரையும் எழுதியிருக்கிறார்.

ஜெயலட்சுமி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். நூலக வாசலில் கார்டு வாங்கி, நின்றபடியே எழுதினாள்.

"இருபத்து நான்கு. சரி."

கீழே இந்த முறை கையெழுத்தும் போட்டாள், அவர் சேர்க்கக் கூடாது என்று சொன்ன எழுத்தைச் சேர்த்து, பூ. ஜெயலட்சுமி என்று.

ஜனக்புரியிலிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை.